பாப்பாவுக்குப் பெரிய கார்: ஒரு கோவைக் குடும்பத்தின் பத்து மாதக் கணக்கு

2025 மார்ச், பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு வாசல். தங்கையின் கணவர், அதாவது என் மாப்பிள்ளை, தன் சின்ன காரின் டிக்கியை மூன்றாவது தடவையாக அழுத்திச் சாத்திப் பார்த்தார். சாத்தவில்லை. உள்ளே குழந்தையின் தள்ளுவண்டி, துணிப்பை, வெந்நீர் பிளாஸ்க், ரப்பர் ஷீட், தூளித் துணி. கடைசியில் என் அம்மா ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்து கொடுக்க, டிக்கி மூடியைப் பம்பரோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் கிளம்பினார்கள். பாப்பாவுக்கு அன்று 10-ஆவது வாரத் தடுப்பூசி.

காருக்குள் நிலைமை இன்னும் மோசம். குழந்தை இருக்கையைப் பின்னோக்கி வைத்ததால் முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ள வேண்டியிருந்தது. அதில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. பின்னால் என் தங்கையும் என் அம்மாவும் மிச்சமிருந்த இடத்தில் ஒடுங்கிக்கொண்டார்கள்.

"கொழந்தைய மடியில வச்சுக்கிட்டா ஆகாதா தம்பி? நாங்கெல்லாம் அப்பிடித்தான வளத்தோம்" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். அன்பால் கேட்டதுதான், ஆனால் ஆகாது. கார் ஓரிடத்தில் மோதி நிற்கும்போது குழந்தையின் எடை பல மடங்காகக் கையை இழுக்கும், எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. அபராதம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்று மாலையே மாப்பிள்ளை என்னிடம் ஒரு கொட்டேஷனை நீட்டினார். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவன், பாப்பாவுக்குத் தாய்மாமன். இரண்டு உரிமையிலும் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததை அவர்கள் இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் எத்தனையோ வீடுகளில் குழந்தை பிறந்த சந்தோஷத்திலேயே இந்தக் கணக்கு தவறிப் போகிறது.

கொட்டேஷனில் இருந்தது

மாப்பிள்ளையின் ஆசை எர்டிகா. நல்ல வண்டி. 7 பேர் போகலாம், மூன்றாவது வரிசையை மடித்தால் டிக்கி 550 லிட்டர். அவர் தேர்ந்தெடுத்திருந்த வகைக்கு ஷோரூம் விலை 11 லட்சத்தை ஒட்டி வந்தது. சாலை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து சாலைக்கு வரும்போது ஏறக்குறைய 13.6 லட்சம். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் 1.6 லட்சம், தங்கையின் நகையை வைத்து 2 லட்சம், மீதி 10 லட்சத்துக்கு 84 மாதக் கடன், வட்டி 9.5%.

"மாசம் பதினாறாயிரம்தான் மச்சான். ரெண்டு பேரு சம்பளம் இருக்குது, தாங்கும்" என்றார்.

தவணை 16,344 ரூபாய். 84 மாதத்தில் வட்டி மட்டும் 3.73 லட்சம். கடன் முடியும்போது பாப்பா இரண்டாம் வகுப்பில் இருப்பாள். நகைக்கடன் வட்டி தனி. முன்பணத்தையே கடனாக வாங்குவது ஒரே காருக்கு இரண்டு கடன் வாங்குவதுதான். நகையை எடுக்கவே வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

வரியில் பலர் கவனிக்காத ஒரு இடம் இருக்கிறது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் கார்களுக்கான ஆயுட்கால வரி மாறியது. விலை 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. இது மொத்த விலைக்கும் விழும் வரி. 9.9 லட்ச ரூபாய் காருக்கு வரி 1,28,700, 10.1 லட்ச ரூபாய் காருக்கு 1,81,800. விலையில் 20,000 கூடினால் வரியில் 53,100 கூடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டிசிஎஸ் (விற்பவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் வாங்கும் அன்று கையிலிருந்து போகத்தான் செய்யும். ஷோரூமில் "இன்னும் கொஞ்சம் போட்டா அலாய் வீல் வந்துடும் சார்" என்பார்கள். அந்தக் கொஞ்சம் 10 லட்சக் கோட்டைத் தாண்டவைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரெண்டு சம்பளம், ஆனால் எப்போது?

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மூவரும் திண்ணையில் உட்கார்ந்தோம். பாப்பா தூளியில் தூங்கினாள். கோடு போட்ட நோட்டில் மாதங்களை வரிசையாக எழுதினேன்.

மாப்பிள்ளை கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். கைக்கு வருவது 52,000. தங்கைக்கு ஐடி வேலை, 44,000. மொத்தம் 96,000. சரவணம்பட்டியில் வாடகை 14,000, வீட்டுச் செலவு 15,000, ஏலச்சீட்டு 10,000, கல்யாணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனின் தவணை 9,200, மாப்பிள்ளையின் பெற்றோருக்கு 6,000. பெட்ரோல், கரண்ட், போன், பாலிசி சேர்ந்து 11,800. ஆக 66,000 போய் 30,000 மிஞ்சும். மாப்பிள்ளை மனதில் இருந்தது இந்த 30,000-தான்.

ஆனால் அது பாப்பா பிறப்பதற்கு முந்தைய கணக்கு. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தங்கைக்கு ஜனவரி முதல் வாரம் பிரசவம், அன்றிலிருந்து விடுப்பு, ஜூன் கடைசியோடு அது முடிகிறது. ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக மனம் வராமல் இன்னும் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுக்க அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். அதை நான் கேள்வி கேட்கவில்லை, அது அவள் உரிமை. டயப்பர், பால் பவுடர், டாக்டர் என்று பாப்பாவின் செலவு மாதம் 6,000.

நோட்டில் தெரிந்தது இதுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 24,000 மிஞ்சும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வருமானம் 52,000, செலவு 72,000. மாதம் 20,000 பள்ளம், மூன்று மாதத்துக்கு 60,000. அக்டோபரில் தங்கை வேலைக்குத் திரும்பினால் ஆயாவுக்கு 10,000. அப்போது மிஞ்சுவது 14,000. பெரிய காரின் கூடுதல் பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸுக்கு மாதம் 4,000 ஒதுக்கினால் தவணைக்கு என்று கையில் இருப்பது 10,000. தவணையோ 16,344.

மாப்பிள்ளை நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "ஜூலையிலயே தவணை தவற ஆரம்பிச்சிருக்கும்" என்றார்.

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். பெரிய கார் வேண்டும் என்ற தேவை குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் உச்சத்தில் இருக்கிறது. குடும்பத்தின் வருமானம் அடிமட்டத்துக்குப் போவதும் அந்த வருஷத்தில்தான். ஆகவே எந்த கார் என்பதைவிட எந்த மாதம் என்பதே பெரிய கேள்வி. இவர்கள் நோட்டில் ஒரு மாதம் தானாகவே பளிச்சென்று தெரிந்தது. கல்யாணக் கடன் 2025 டிசம்பரில் முடிகிறது, ஏலச்சீட்டும் அதே மாதம் முதிர்கிறது. தை மாதம் வாங்குவது என்று திண்ணையிலேயே முடிவானது. மார்கழியில் யாரும் வண்டி எடுக்கப்போவதில்லை, அதனால் தேதியில் வீட்டுப் பெரியவர்களுக்கும் திருப்தி.

பத்து மாதம் சும்மா இருக்கவில்லை

காத்திருப்பதற்காகப் பாப்பாவின் பாதுகாப்பைத் தள்ளிப்போட முடியாது. தாய்மாமன் சீராக வளையல் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தில், சின்ன காரிலும் ஒழுங்காகப் பொருந்துகிற, அகலம் குறைந்த குழந்தை இருக்கை ஒன்றை 13,500 ரூபாய்க்கு வாங்கினேன். என் அம்மாவுக்கு முதலில் வருத்தம்தான். தங்கத்துக்கு பதிலாக பிளாஸ்டிக் நாற்காலியா என்றார். அப்புறம் பாப்பா அதில் உட்கார்ந்து தூங்கிப்போனதைப் பார்த்து சமாதானம் ஆனார். முன்சீட்டில் ஏர்பேக் இருந்தால் பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிந்தால் அந்த அடி நேராகக் குழந்தையின் தலைப்பக்கம் விழும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 20,000 தனிக் கணக்குக்குப் போனது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்த 60,000 அப்படியே பள்ளத்தை நிரப்பியது. கடன் அட்டையைத் தொடாமல் அந்த மூன்று மாதத்தைக் கடந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

தங்கை செய்த ஒரு வேலையை நான் மெச்சிக்கொண்டே இருக்கிறேன். சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அட்டையில், காரில் ஆள் கொள்ளாத நாளுக்கு ஒரு வட்டம், சாமான் கொள்ளாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி என்று மே முதல் டிசம்பர் வரை போட்டு வந்தாள். எட்டு மாத முடிவில் எண்ணினோம். வட்டம் 7, பெருக்கல் 31. வட்டம் விழுந்த ஏழில் மூன்று நாள் உடுமலைப் பக்கம் விசேஷங்களுக்கு டாக்ஸி எடுத்திருந்தார்கள், மூன்றுக்கும் சேர்த்து 13,500.

மாப்பிள்ளை மனதில் இருந்தது ஏழு பேர். அட்டையில் இருந்தது ஒரு தள்ளுவண்டி. அவர்களுக்குத் தேவை தினமும் பெரிய டிக்கி, எப்போதாவது ஏழு இருக்கை. தேடலே இதனால் வேறு பக்கம் திரும்பியது.

அக்டோபரில் ஒத்திகையைத் தொடங்கினோம். தவணையும் கூடுதல் செலவும் சேர்த்து 14,000-ஐ ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், கார் ஏற்கெனவே வந்துவிட்டதுபோல. அக்டோபர் சரியாகப் போனது. நவம்பரில் பாப்பாவுக்கு சளி நெஞ்சில் இறங்கி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அதே வாரம் ஆயாவும் நின்றுவிட்டார். ஒத்திகைப் பணத்திலிருந்து 8,000 எடுக்க வேண்டி வந்தது. தங்கை அன்று போனில் அழுதாள். "கார் எல்லாம் வேண்டாம்ணா, இவ நல்லாருந்தா போதும்" என்றாள். நான் எதுவும் வாதாடவில்லை. நவம்பர் இப்படிப் போனதால்தான், கையிருப்பு முழுவதையும் முன்பணத்தில் கொட்டக் கூடாது என்பது மூவருக்கும் புரிந்தது. டிசம்பர், ஜனவரி மறுபடி சரியாகப் போயின. ஜனவரி நடுவில் தனிக் கணக்கில் 48,000.

இடையில் வந்த ஜிஎஸ்டி குறைப்பு எங்கள் திட்டத்தில் இல்லாத அதிர்ஷ்டம். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு செஸ்ஸோடு 29% இருந்த வரி 18% ஆனது. எர்டிகா 4 மீட்டரைவிட நீளம், 1,462 சிசி என்பதால் அதற்கு 45%-லிருந்து 40%. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியும் 2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.5% இருந்தது டிசம்பரில் 5.25%-க்கு வந்திருந்தது. எங்களுக்குக் கடன் 9%-க்குக் கிடைத்தது. இன்னொரு பக்கம், புது சின்ன கார் விலை இறங்கியதும் பழைய காருக்குக் கேட்கிற விலையும் இறங்கிவிட்டது.

ஷோரூமுக்குப் பாட்டியும் தள்ளுவண்டியும்

பழைய 7 இருக்கை வண்டிகளையும் பார்த்தோம். நல்ல நிலையில் இருந்தவற்றின் விலை புதிய சின்ன 7 இருக்கை வண்டியைத் தொட்டது, வட்டி வேறு 13% கேட்டார்கள். அதை விட்டுவிட்டோம்.

மிச்சம் இருந்தது ரெனோ டிரைபர். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகிறது. நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் 999 சிசி. மூன்றாவது வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், அப்போது டிக்கி 625 லிட்டர். ஏழு இருக்கையும் இருந்தால் வெறும் 84 லிட்டர், அதாவது இரண்டு பை. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஏழு பேரும் அவர்களின் சாமானும் ஒன்றாகப் போக இந்த வண்டி உதவாது. ஏழு பேரை ஏற்றி மலை ஏறினால் எஞ்சின் திணறும், வால்பாறைக்கு அடிக்கடி போகிற குடும்பத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். இவர்களின் காலண்டர் அட்டைக்கோ அளவெடுத்தது போலப் பொருந்தியது.

ஜனவரி முதல் வாரம் ஷோரூமுக்குக் குழந்தை இருக்கை, தள்ளுவண்டி, மாப்பிள்ளையின் அம்மா, பாப்பா எல்லோரையும் கூட்டிப்போனோம். விற்பனைப் பையன் கொஞ்சம் திகைத்தாலும் பொறுமையாக ஒத்துழைத்தான். குழந்தை இருக்கையை நடுவரிசையில் இடது பக்கம் கட்டியவுடன் ஒன்று தெரிந்தது. அந்தப் பக்கத்து சீட்டை மடிக்க முடியாது, அதனால் பின்வரிசைக்கு ஏறும் வழி ஒரு பக்கம் அடைபட்டுவிடுகிறது. வலது பக்கமாக ஏற வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு 64 வயது, மூட்டு வலி. ஏறிப் பார்த்தார், ஒரு காலை உள்ளே வைத்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "இங்க என்னால ஆகாது கண்ணு." பின்வரிசை இளவட்டங்களுக்கு மட்டும் என்று முடிவானது. நடுவரிசையில் குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் அவர் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார். பத்து மாதம் முன்னால் டேஷ்போர்டில் இடித்த முழங்கால் அது.

சீட் கவர் பற்றியும் ஒரு வார்த்தை. சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் உள்ள வண்டிக்கு வெளியில் தைத்த இறுக்கமான கவர் போட்டால் அது விரிவதைத் தடுக்கலாம். இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள்.

பேரம் கார் விலையில் பெரிதாக இல்லை, இன்ஷூரன்ஸில்தான் நடந்தது. ஷோரூம் எழுதியிருந்தது 44,000. மாப்பிள்ளை ஐந்து வருஷத்துக்கு மேலாகப் பழைய காருக்கு ஒரு கிளெய்மும் செய்ததில்லை, 50% நோ கிளெய்ம் போனஸ் இருந்தது. அந்தப் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்ற பிறகு இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் அதற்கான சான்று வாங்கிக் கொடுத்தால், புது காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி குறையும். மூன்று வருஷ மூன்றாம் நபர் பிரீமியம் 1,000 சிசி வரை 6,521 ரூபாய், அதில் கழிவு இல்லை. தேவையில்லாத இரண்டு கூடுதல் பாதுகாப்புகளையும் நீக்கி வெளியில் எடுத்தபோது மொத்தம் 29,500.

பழைய கார் எக்ஸ்சேஞ்சில் 1.45 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. நேரடியாக ஒரு நண்பரின் நண்பருக்கு 1.8 லட்சத்துக்கு விற்றோம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தானதும் ஆர்டிஓவில் பெயர் மாறும் வரை நான் விடாமல் பின்தொடர்ந்தேன். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டி கையை விட்டுப் போய்விட்டது என்று சும்மா இருக்க முடியாது.

கடைசிக் கணக்கு இது. ஷோரூம் விலை 7.4 லட்சம், வரி 13% ஆக 96,200, இன்ஷூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்து சுமார் 8.75 லட்சம். கையில் இருந்தது பழைய கார் 1.8 லட்சம், கமிஷன் போக ஏலச்சீட்டு 1.9 லட்சம், ஒத்திகைப் பணம் 48,000, தீபாவளி போனஸ் 45,000. மொத்தம் 4.63 லட்சம். 5 லட்சம் கடன், 60 மாதம், தவணை 10,379. வட்டி மொத்தம் 1.23 லட்சத்துக்குள். கையிருப்பில் 85,000-க்கு மேல் நிறுத்திவைத்தார்கள். அதையும் போட்டுக் கடனைக் குறைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நவம்பர் மாதிரி இன்னொரு வாரம் வந்தால் கையில் பணம் வேண்டும், கார் கடனை விட அவசரக் கடன்தான் குடும்பத்தை நசுக்கும். நகை பீரோவிலேயே இருக்கிறது.

கடனில் ஒன்றை மட்டும் கேட்டு எழுதி வாங்கினோம், மாறும் வட்டியா நிலையான வட்டியா என்று. தனிநபர்கள் சொந்தத் தேவைக்கு வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலையான வட்டி என்றால் ஒவ்வொரு வங்கியும் ஒரு கட்டணம் வைத்திருக்கும். எங்களுடையது மாறும் வட்டி.

கல்யாணக் கடனின் 9,200 விடுபட்டதால், முடிந்த ஏலச்சீட்டின் 10,000-ஐக் கணக்கில் சேர்க்காமலே, ஜனவரிக்குப் பிறகு மிச்சம் 23,200. தவணையும் கூடுதல் செலவும் போக 8,800 நிற்க வேண்டும். முதல் மாதம் பெட்ரோல் நான் போட்டதைவிட 900 ரூபாய் அதிகம் வந்தது. சரவணம்பட்டி நெரிசலை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன், நோட்டில் அதைத் திருத்திக்கொண்டோம்.

மாசியில் தாராபுரம் பக்கம் எங்கள் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில் பாப்பாவுக்கு மொட்டையும் காதுகுத்தும். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையும் நானும் பின்வரிசை இருக்கைகளைப் பரணிலிருந்து இறக்கிப் பொருத்தினோம். சாமான் எல்லாம் என் மாமா பையனின் பைக்கிலும் முந்தைய பஸ்ஸிலும் போயிருந்தன. வலது பக்கமாக ஏறி நானும் என் சித்தி மகளும் பின்னால் உட்கார்ந்தோம், எனக்கு முழங்கால் கொஞ்சம் இடித்தது. ஆசாரி காது குத்தும்போது பாப்பா என் மடியில்தான் இருந்தாள், கத்திய கத்தலில் கோயில் மரத்திலிருந்த மயில் எழுந்து போனது. திரும்பும்போது பெல்ட்டைப் போட்டதும், சந்தனம் பூசிய தலையோடு தன் இருக்கையில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இருக்கைகள் பழைய வேட்டி சுற்றி மறுபடி பரணுக்குப் போய்விட்டன. அடுத்து அவற்றை இறக்க வேண்டியது ஆடியில்.